சூட்டுக்கம்பி

இந்த அறையில் காற்று சரியாக வருவதில்லை. நேற்று வந்து உட்கார்ந்ததிலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற கிரில்லில் தூசி அப்பிப் பாதி அடைத்துப் போயிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பகல் முழுக்க இங்கே உட்காருகிறவர் நீங்கள். சாயங்காலமானால் உங்களுக்குத் தலை கனக்கும். அதற்கு வேலைப்பளு காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் புத்தி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படிப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஒட்டடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அமையாததும் நல்லதுதான்.

அவசரமில்லாமல் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

காற்றை அளக்கிற கருவிகள் விற்கிற கடை என்னுடையது. விற்போம், பழுது பார்ப்போம், எதை வாங்குவது என்று தெரியாமல் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். 'போம்' என்பது பழக்கத்தில் வருகிறது. கடையில் நான் ஒருவன்தான். வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கருவி கேட்பார்கள். ஒரே செருப்பை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்பேன். அகலமான கிரில்லுக்குக் காற்றாடி வைத்த கருவி நல்லது. திருவிழாவில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அதேபோலச் சுற்றும், சுற்றுகிற வேகத்தை எண்ணாகக் காட்டும். கூரையிலிருந்து இறங்குகிற காற்றுக்குத் துணிக் கூடாரம் ஒன்றைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் வேகமாக ஓடுகிற காற்றுக்கு வளைந்த குழல். மெல்லிய காற்றுக்குச் சூட்டுக்கம்பி. மயிரிழை போன்ற கம்பி, மின்சாரத்தில் சூடாகவே இருக்கும். காற்று பட்டால் குளிரும். எவ்வளவு குளிர்ந்தது என்பதை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். மிகத் துல்லியமான சாமான்.

இவை போகப் புகைக்குழல் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாயின் நுனியை உடைத்து, ரப்பர் பந்தை அமுக்கினால் கொஞ்சம் வெண்புகை வரும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். எண் எதுவும் கிடைக்காது. அதனால் படித்தவர்கள் அதை மதிப்பதில்லை. விளையாட்டுச் சாமானா என்று கேட்பார்கள்.

என் தங்கையின் பெயர் உங்களிடம் இருக்கும். எனக்கு அவள் பாப்பாதான். அப்பா முன்னமே போய்விட்டார். அம்மா போனபோது பாப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பின்னல் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று தொங்கியது. அதோடுதான் போனாள், அவிழ்க்கவில்லை. வளர்ந்த பிறகு வீட்டுப் பொறுப்பு முழுக்க அவள் கைக்குப் போனது. சாயங்காலம் நான் கதவைத் தட்டுவேன், அவள் வந்து திறப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் பெரிதாகப் பேச்சு இருக்காது. அவள் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

வரன்கள் வரத்தான் செய்தன. நான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒருவர் குடிப்பாரோ என்று தோன்றியது. இன்னொருவருடைய அம்மாவுக்கு நாக்கு நீளம். ஒரு வீட்டில் ஜன்னலே போதாது. மூச்சு முட்டுகிற வீட்டில் கூடப்பிறந்தவளைக் கொடுக்க முடியுமா? இப்படியே வரன்கள் குறைந்தன, பிறகு நின்றுவிட்டன. பாப்பா எதுவும் சொன்னதில்லை. அவள் சொல்லாததால் அவளுக்கும் இதுதான் விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு பாப்பாவைக் கட்டிய மாப்பிள்ளையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் ஒருவகையில் நான்தான். உலோக உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே ஒரு கருவி பழுதாகிவிட்டது என்று என் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மனைவியை இழந்தவர், பிள்ளைகுட்டி இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த பாப்பா கடையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கருவியை மேஜை மேல் வைத்து, “இது உசுரோட இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, துக்கம் விசாரிக்க மேஸ்திரி காத்துக்கிட்டு இருக்காரு” என்றார். பாப்பா சிரித்தாள். எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கருவி அடிக்கடி பழுதானது. ஒருநாள் பாப்பா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “அண்ணே, நான் அவரக் கட்டிக்கலாம்னு இருக்கேன்” என்றாள். என்னைக் கேட்கவில்லை, தெரிவித்தாள். நரை விழுகிற வயசில் என்ன கல்யாணம் என்று நான் சொல்லவில்லை. முன்னின்று நடத்திவைத்தேன். யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், ஒரு குறை வைக்கவில்லை.

அவரிடமும் குறை இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது. குடிக்கிறவராகவோ கை நீட்டுகிறவராகவோ இருந்திருந்தால், போய்ச் சண்டை போட்டு அவளைக் கூட்டி வந்திருப்பேன். ஊரும் சரி என்றிருக்கும். அவரோ, எட்டுக் கட்டையில் பாடுவதாக நினைத்துக்கொண்டு கழுதை மாதிரிப் பாடுவார், காய்கறி நறுக்குவார், என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். மச்சான், மச்சான் என்று வாய் ஓயாது.

கல்யாணத்துக்குப் பிறகு பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போகப் பழக வேண்டியிருந்தது. அதுவரை கதவைத் தட்டித்தான் பழக்கம். காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். வேலையால் வருகிற களைப்பு படுத்து எழுந்தால் போய்விடும். இந்தக் களைப்பு காலையில் என்னோடு சேர்ந்து எழுந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு, போய்ப் பார்த்தால் என்ன என்பீர்கள். போனேன். அங்கே நான் விருந்தாளி. பாப்பா எனக்கு நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது, பிறகு அதிகம் போகவில்லை.

இனித் தொழிற்சாலைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு வேலை கழுவுகிற தொட்டியில். உதிரிபாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அவற்றைக் கூடையில் வைத்துத் தொட்டிக்குள் இறக்குவார்கள். உள்ளே கொதிக்கிற திரவத்தை அங்கே எல்லோரும் மருந்து என்றுதான் சொல்வார்கள். அதன் ஆவி பிசுக்கை எடுத்துவிடும். இனிப்பாக ஒரு வாசனை. மூச்சில் அதிகம் போனால் முதலில் தலைவலி, பிறகு குடித்தவன் போலத் தள்ளாட்டம், அதற்குப் பிறகு நினைவு தப்பும். அதனால் தொட்டியின் பின்விளிம்பில் நீளவாக்கில் ஒரு வாய் வைத்து ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுவார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். வெயில் காலத்தில் ஆட்கள் புழுங்குகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகமும் மனசிரங்கி, தொட்டிக்குப் பின்சுவரில் குளிர்ந்த காற்று வருகிற மாதிரி ஒரு கிரில் போட்டுக்கொடுத்தது. மாப்பிள்ளைக்கு முகத்தில் ஜிலுஜிலுவென்று அடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த ஆவி விஷயத்தில், தொட்டி வாயருகே காற்று குறைந்தபட்சம் இவ்வளவு வேகத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாதாமாதம் அளக்க ஒரு கருவி வாங்க வேண்டும், எது நல்லது, நேரில் வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று அங்கிருந்த இன்ஜினியர் கூப்பிட்டார். போனேன். அவர்கள் சாப்பிடப் போன நேரம் நான் தனியாக இருந்தேன். பையில் எப்போதும் வைத்திருக்கிற புகைக்குழலை எடுத்து, தொட்டி மேல் ஒரு அமுக்கு அமுக்கினேன். புகை, ஆவியை உறிஞ்சுகிற வாயை நோக்கி ஒரு விரல் தூரம் போனது. பிறகு பின்சுவர்க் கிரில்லின் காற்று அதைப் பிடித்துக்கொண்டு, தொட்டியின் மேற்பரப்போடு தள்ளிக்கொண்டு வந்து, ஆள் நிற்கிற இடத்தில், சரியாக முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து விட்டது.

எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். கிரில்லின் தகடுகளை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் போதும். கையில் ஒரு திருப்புளி இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. சாப்பிட்டு வந்ததும் இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் வரத் தாமதமானது. நாளைக்கு ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாப்பா வந்திருந்தாள்.

பழைய சாவி அவளிடம் இருந்தது. நான் போனபோது வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி, வந்ததும் படுத்துவிடுகிறார், பேசக்கூட ஆளில்லை, அதனால் வந்தேன் என்றாள். சமைத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் இன்ஜினியர் ஃபோன் செய்தார். எதை வாங்கலாம் என்றார். சூட்டுக்கம்பி வாங்குங்கள் என்றேன். புகை விடுவார்களே, அதுவும் ஒன்று சேர்த்து வாங்கிவிடலாமா என்று அவரே கேட்டார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர்.

“அது எதுக்கு சார், அதுல எண் வராது. ஆய்வுக்கு வர்றவங்க எண்ணத்தான கேப்பாங்க” என்றேன்.

அதுவும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

நான் அவரிடம் சொல்லாதது ஒன்றே ஒன்று. சூட்டுக்கம்பிக்குக் காற்றின் வேகம் தெரியும், திசை தெரியாது. காற்று ஆளைவிட்டுப் போனாலும் ஆள்மேல் வந்தாலும் கம்பி ஒரே மாதிரிதான் குளிரும். அந்தத் தொட்டியின் மேல் பிடித்தால் அருமையான எண் காட்டும், விதி கேட்பதைவிடக் கூடுதலாகவே காட்டும். கருவியில் கோளாறு கிடையாது. நான் அனுப்பியது புத்தம்புதியது, நானே சரிபார்த்து அனுப்பினேன். உங்கள் ஆட்கள் சோதித்திருப்பார்கள், துளி பிசகு இருந்திருக்காது.

அதற்குப் பிறகு பாப்பா வாரத்தில் பாதி நாள் வந்தாள். மாப்பிள்ளைக்குத் தலைவலி என்றால் வந்தாள். வாந்தி என்றால், என்ன செய்யலாம் அண்ணே என்று கேட்க வந்தாள். நான் டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் கண்ணாடி போடச் சொன்னார், மாப்பிள்ளை போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டார். அவர் பாடுவது நின்றுவிட்டது என்று பாப்பா ஒருநாள் வருத்தப்பட்டாள். நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்து எவ்வளவு நாளாகியிருந்தது.

மாப்பிள்ளை அறிவில்லாதவர் இல்லை. அவருக்கே சந்தேகம் வந்தது. தொட்டியின் ஓரத்தில் நின்று கூடையை மாட்டிக்கொடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள், அவளுக்கும் வாந்தி. இரண்டு பேருமாக மேலே புகார் எழுதிப் போடலாம் என்று பேசியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மச்சான் ஒரு தடவை வந்து பார்த்துவிடட்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். கூப்பிட்டார், போனேன். அவர்கள் இரண்டு பேரும் பார்க்க, சூட்டுக்கம்பியைத் தொட்டி மேல் நீட்டினேன். எண்ணை அவரிடமே வாசிக்கச் சொன்னேன். விதி எவ்வளவு கேட்கிறது என்றும் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. “பாத்தியாக்கா, நான்தான் சொன்னேனே, காத்து நல்லாத்தான் அடிக்குது. எங்க மச்சானே பாத்துட்டாரு, இதுக்கு மேல என்ன” என்றார் அந்த அம்மாவிடம். பிறகு என்னைப் பார்த்து, “ஒங்க வேலையக் கெடுத்துட்டேன் மச்சான்” என்று மன்னிப்புக் கேட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நடை கொஞ்சம் தள்ளாடியது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் மேலே எழுதவில்லை.

விபத்து அன்று எப்படி நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சரக்கு அதிகம், தொட்டியைக் கூடுதலாகச் சூடேற்றியிருக்கிறார்கள். கூடை கொக்கியில் சிக்கிக்கொண்டது. எடுக்கக் குனிந்த மாப்பிள்ளை நிமிரவில்லை. அந்த அம்மா ஓடிப்போய் அவரை இழுத்திருக்கிறாள், அவளும் அங்கேயே சரிந்திருக்கிறாள். அவள் பிழைத்துக்கொண்டாள். கை நடுங்குகிறது, பேசும்போது வார்த்தையைத் தேடுகிறாள் என்றீர்கள். அவளைப் பற்றி என்ன நினைத்தேன் என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. யோசித்துப் பார்த்தேன், அவளைப் பற்றி நான் எதுவும் நினைத்ததே இல்லை. அவள் பக்கமும் காற்று போகும் என்று தெரியும். அவ்வளவுதான்.

காரியங்கள் எல்லாம் நான்தான் செய்தேன். முடிந்ததும் பாப்பா தன் துணிமணியை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். மறுநாள் கடையிலிருந்து வந்து கதவைத் தட்டினேன். திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

தொழிற்சாலைக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு புகைக்குழலோடு வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. அந்த அம்மாவைப் பார்த்துவரப் பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒரு ஆபீசர் துளியூண்டு புகை விட்டாராம், அது நேரே மூஞ்சிக்கு வந்துச்சாம், அங்கே நின்றவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்களாம். பாப்பா சின்ன வயசிலிருந்து என்னோடு இருந்தவள். என் பையில் என்னென்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்பருகே திரும்பி நின்றபடியே கேட்டாள்.

“அண்ணே, நீ அங்க போனப்ப புகை விட்டுப் பாத்தியா?”

அவளிடம் நான் பொய் சொன்னது கிடையாது. “மொதத் தடவ போனப்பவே பாத்தேன் பாப்பா” என்றேன்.

“எந்தப் பக்கம் போச்சு?”

“ஆள் நிக்கிற பக்கம்.”

 அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். இந்த ஸ்டேஷனுக்குத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தடுக்க நினைக்கவில்லை. சாப்பிட்டு முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, உங்கள் ஆட்கள் வருகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இன்ஜினியர் மேல் தப்பில்லை. கிரில் போட்டவர்கள் தெரியாமல் போட்டார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்தது. அந்தக் காற்று மாப்பிள்ளையைக் கொல்லும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான், அதைக் காட்டாத கருவி எது என்று பார்த்து எடுத்துக்கொடுத்தேன். அவர் சந்தேகப்பட்டபோது அதே கருவியைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நேற்று உங்கள் நடைவழியில் பாப்பாவைப் பார்த்தேன். அந்த நடுங்குகிற அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தாள். அந்த அம்மா வீட்டில்தான் பாப்பா தங்கியிருக்கிறாளாம். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்ன வயசிலும் கோபம் வந்தால் இப்படித்தான், ஒரு பொழுது பேசமாட்டாள், பிறகு தானே வந்து பக்கத்தில் உட்காருவாள். ஊரான் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும். கோபம் தணியட்டும், வருவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.